இரண்டாம் மாடிக் கடிகாரங்கள்

எங்கள் சான் குவிரினோ நகராட்சியில் சுவரில் மாட்டப்படும் எந்தப் பொருளிலும் மேயரின் முகம் இருக்க வேண்டும். இது சட்டம் அல்ல. சட்டமாக இருந்திருந்தால் யாராவது மீறியிருப்பார்கள். காலண்டரில் மேயர் சிரிப்பார். தீயணைக்கும் சிலிண்டரில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கத்தில்கூட, சுத்தம் காப்போம் என்று நம்மைப் பார்த்தபடி நிற்பார். கடிகாரத்தில் முகம் நடுவில் இருப்பதால் இரண்டு முட்களும் அவர் மூக்கிலிருந்து புறப்படும். ஒன்பதே கால் ஆனால் மீசை முளைத்துவிடும்.

அப்போது மேயராக இருந்தவர் நோனோய் வில்லாருபியா. ஒருவர் தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் மேயராக இருக்கக் கூடாது என்பது நாட்டின் சட்டம். ஒரு குடும்பம் எத்தனை முறை இருக்கலாம் என்பதைப் பற்றிச் சட்டம் மௌனம் சாதிக்கிறது. ஆகவே மூன்றாவது முறை முடியும் தறுவாயில் நோனோய் துணை மேயர் பதவிக்கு நின்றார். மேயர் பதவிக்கு அவருடைய தம்பி தோதோங் நின்றார். இருவரும் ஒரே அச்சு. அதே நெற்றி, அதே மூக்கு, அதே கட்டைவிரல். தம்பியின் தேர்தல் படத்தை மட்டும் போட்டோக் கடைக்காரர் கொஞ்சம் அதிகமாகவே மெருகேற்றிவிட்டார். நாற்பத்தெட்டு வயதுக்காரர் கல்லூரிக்குப் போகிற பையன் மாதிரி இருந்தார்.

நான் இரண்டாம் மாடியில் தகவல் பிரிவில் வேலை செய்தேன். பெயர் லீஸெல். ஆறு மாத ஒப்பந்த ஊழியர். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். பட்டம் வாங்கியபோது எங்கள் சந்து முனையில் எனக்கு வாழ்த்து பேனர் கட்டினார்கள். அதில் நான் தபால்தலை அளவில் இருந்தேன். மீதி இடத்தில் மேயர் இருந்தார். பேனர் கிழிந்த பிறகு அப்பா அதைத் தன் ட்ரைசைக்கிளுக்கு மழை மறைப்பாகப் போட்டுக்கொண்டார். இன்றும் அவர் பயணிகள் மேயரின் தாடைக்குக் கீழே உட்கார்ந்துதான் போகிறார்கள்.

என் ஒப்பந்தம் ஜூன் கடைசியில் முடியும். யார் மேயராக வருகிறாரோ அவர் கையெழுத்துப் போட்டால் வேலை உண்டு. போடாவிட்டால் இல்லை. என் தம்பிக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும், அம்மாவுக்கு மாத்திரை வாங்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கையெழுத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இந்தச் சமயத்தில்தான் 'தோன் ஃபெர்மினைக் கொன்றவர்' எங்கள் கட்டடத்துக்கு வந்தது. தொலைக்காட்சித் தொடர். அரிசி ஆலை முதலாளி தோன் ஃபெர்மின், உள்ளே தாழிட்ட ஆலைக்குள் செத்துக் கிடக்கிறார். இன்ஸ்பெக்டர் அமிஹான் என்ற பெண் அதிகாரி துப்பறிகிறார். காவல் நிலையக் காட்சிகளுக்கு டைரக்டர் வீவோ பல ஊர்களைப் பார்த்துவிட்டு எங்கள் இரண்டாம் மாடியைத் தேர்ந்தெடுத்தார்.

"இதப் பாத்தாலே இங்க யாருக்கும் நியாயம் கிடைக்காதுன்னு தெரியுது. நாங்க செட்டு போட்டாக்கூட இப்படி வராது" என்றார்.

மேயர் நோனோய் அவருக்கு நன்றி சொல்லிக் கைகுலுக்கினார்.

விசாரணைக் காட்சி ஒன்று. இன்ஸ்பெக்டர் ஒரு பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்பார். சந்தேக நபர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பதில் சொல்வார். கேள்விகளை ஏப்ரலில் எடுத்தார்கள். பதில்களை எடுப்பதற்குள் சந்தேக நபராக நடித்தவர் தன் சொந்த ஊரில் கவுன்சிலர் தேர்தலில் நிற்கப் போய்விட்டார். மே மாதம் தோற்றுவிட்டுத் திரும்பி வந்தார். பதில்களை அப்போது எடுத்தார்கள். தோல்வி முகத்தில் இருந்ததால் நடிப்பு மிக நன்றாக அமைந்தது.

இடையில் எங்கள் ஊரிலும் ஓட்டு எண்ணி முடித்திருந்தார்கள். மறுநாள் காலையே பராமரிப்புப் பிரிவு எர்னிங் அண்ணன் ஏணியுடன் வந்தார். மதியச் சாப்பாட்டுக்குள் கட்டடம் முழுவதும் சுவர்களிலிருந்து அண்ணன் மேயர் இறங்கி, ஜெயித்த தம்பி ஏறிவிட்டார். வெள்ள நிவாரணம்கூட எங்கள் ஊரில் இத்தனை வேகமாக வந்ததில்லை. அதற்குக் காரணம் உண்டு. கடிகாரங்களைப் பிப்ரவரியிலேயே ஆர்டர் கொடுத்திருந்தார்கள். கடிகாரம் செய்துவர மூன்று மாதம் ஆகும். ஓட்டு எண்ண ஒரு ராத்திரி போதும்.

ஜூலையில் அந்தக் காட்சி ஒளிபரப்பானது. இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்கும்போது பின்னால் சுவரில் நரைத்த மனிதரின் கடிகாரம். சந்தேக நபர் பதில் சொல்லும்போது அவர் பின்னால் அதே மனிதர், முப்பது வயது குறைந்து. மறுபடி கேள்வி, மறுபடி நரை. மறுபடி பதில், மறுபடி இளமை. கடிகாரங்களில் இருந்த மேயர் பெயர்கள் மேல் படப்பிடிப்பு ஆட்கள் டேப் ஒட்டியிருந்தார்கள். முகத்துக்கு ஒட்டத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே நாடு விழித்துக்கொண்டது.

'தோன் ஃபெர்மின் ஆய்வுக் குழு' என்று இணையத்தில் ஒரு குழு இருந்தது. அதை நடத்தியவர் பக்கத்து நகரத்தில் பல் டாக்டரிடம் வரவேற்பாளராக இருக்கும் தெஸ்ஸி மங்குபாத். குழுவில் ஒரு கருத்தைச் சொல்ல வேண்டுமானால் முதலில் விண்ணப்பிக்க வேண்டும். துணை நிர்வாகி பரிந்துரைப்பார், நிர்வாகி பரிசீலிப்பார், தெஸ்ஸி எண் கொடுப்பார். நிராகரிக்கப்பட்ட கருத்தை மறுபடி சொன்னால் ஒரு வாரம் பேசத் தடை. நான் பார்த்த அலுவலகங்களிலேயே ஒழுங்காக நடந்தது அது ஒன்றுதான்.

முதல் கருத்து தெஸ்ஸியுடையது. கடிகாரத்தில் இருப்பவரின் வயதுப்படி, தோன் ஃபெர்மின் வழக்கில் பதில்கள் முதலில் வருகின்றன, கேள்விகள் பல ஆண்டுகள் கழித்து வருகின்றன. ஆகவே அந்த ஊரில் காலம் பின்னோக்கி நடக்கிறது. இரண்டாவது கருத்து, இரண்டு சான் குவிரினோ இருக்கிறது என்றது. மூன்றாவது, இன்ஸ்பெக்டர் ஏற்கனவே இறந்துவிட்டார் என்றது. இப்படி ஒன்று எல்லாத் தொடருக்கும் வரும்.

ஒருநாள் காலை தெஸ்ஸியே எங்கள் மாடிக்கு வந்துவிட்டார். பின்னால் இரண்டு துணை நிர்வாகிகள். மூவரும் தோன் ஃபெர்மின் முகம் போட்ட பனியன் அணிந்திருந்தார்கள்.

"நீங்கதான் தகவல் பிரிவா?"

"ஆமா மேடம். உக்காருங்க."

"உக்கார நேரமில்ல." சுவரைப் பார்த்தார். "அதுவும் இந்த மாடில எவ்ளோ நேரம் ஆகும்னு யாருக்குத் தெரியும்."

"மேடம், அந்தக் கடிகாரத்துல இருக்கறது ரெண்டு பேரு. அண்ணன் தம்பி."

"அது எங்களுக்கும் தெரியும்மா. அது வெளி உலகத்துல. கதைக்குள்ள ஒரே ஆளுதான்." துணை நிர்வாகிகள் தலையாட்டினார்கள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். இளசா இருக்கற முகம் இந்தச் சுவருக்கு எப்ப வந்துது? அரசாங்கத் தகவல் கேக்க எங்களுக்கு உரிமை இருக்கு. எழுத்துல குடுங்க."

"அது மே மா..."

என் பின்னால் ஒரு இருமல் கேட்டது. நகராட்சி நிர்வாக அதிகாரி க்ரெசென்சியா பால்மேஸ். சட்டம் படித்தவர் என்பதால் எல்லாரும் வக்கீலம்மா என்பார்கள். அவருக்குச் சளி பிடித்து நான் பார்த்ததில்லை. இருமி மட்டும் பார்த்திருக்கிறேன்.

"எழுத்துல பதில் வரும்" என்றார் வக்கீலம்மா.

பத்து நிமிடத்தில் நான் மேயர் அறையில் நின்றேன். தோதோங் பதவியேற்றுச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. மேசையில் கையெழுத்துக்குக் காத்திருக்கும் கோப்புகள். மேலிருந்து நாலாவது என்னுடையது. முனை தெரிந்தது.

"உண்மையச் சொல்லிட்டா என்ன?" என்றார் மேயர். அவர் அடிப்படையில் நல்ல மனிதர். யோசிக்காமல் இருக்கும்போது.

"மே மாசம் நீங்க மேயர் இல்ல" என்றார் வக்கீலம்மா. "பதவி ஜூன் கடைசிலதான். மே மாசம் உங்க மூஞ்சி எப்படி சுவருல இருந்துதுன்னு கேப்பாங்க. எப்ப ஆர்டர் குடுத்தீங்கன்னு கேப்பாங்க. பிப்ரவரின்னு சொல்லணும். ஓட்டு போட்டது மே மாசம்."

"நாங்க ஜெயிப்போம்னு ஊருக்கே தெரியுமே."

"ஊருக்குத் தெரியும் மேயர். சட்டத்துக்குத் தெரியாது."

மேயர் என்னைப் பார்த்தார். "நீ படிச்ச பொண்ணு. வேற என்ன சொல்லலாம்?"

"எனக்கு வேற எதுவும் தெரியாது சார்."

"தெரியலன்னா பரவால்ல" என்றார் வக்கீலம்மா. கையில் கைபேசி. ஆய்வுக் குழுவின் பக்கத்தை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தார். "அவங்களே ஒரு விளக்கம் வச்சிருக்காங்க. ரொம்ப மரியாதையான விளக்கம். யாரு மேலயும் குத்தம் இல்ல."

அந்த வாரமே நகர மன்றம் கூடியது. துணை மேயர் நோனோய் தலைமை வகித்தார். கீழ்க்காணும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது:

"நகராட்சிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நான்கு கடிகாரங்கள் உள்ளதாலும், அவை நான்கும் நான்கு நேரம் காட்டுவதாலும், இதனைப் பல ஆண்டுகளாக அறிந்திருந்தும் பொதுமக்களில் எவரும் ஆட்சேபம் தெரிவிக்காததாலும், மேற்படி மாடியில் மே மாதம் தொடங்கிக் காலமானது வழக்கமான முறையில் கடந்து செல்லவில்லை என்பதை இம்மன்றம் பெருமிதத்துடன் அங்கீகரிக்கிறது."

பெருமிதத்துடன் என்ற சொல்லை எல்லாத் தீர்மானங்களிலும் போடுவோம். டெங்குத் தீர்மானத்திலும் இருக்கிறது.

தெஸ்ஸிக்குப் பதில் போனது. அவருடைய குழுவில் அன்று கொண்டாட்டம். ஓர் அரசாங்கமே முதல் கருத்தை ஏற்றுக்கொண்டது உலகத்தில் இதுவே முதல்முறை என்று எழுதினார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றினால் அதன்படி நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது. வரிப் பிரிவின் பெர்னார்தித்தா அக்கா ஜூலையில் ஓய்வு பெற வேண்டியவர். தனக்கு இன்னும் அறுபத்தைந்து ஆகவில்லை, மன்றமே சொல்லிவிட்டது என்று நாற்காலியை விட்டு எழ மறுத்தார். அவர் இடத்துக்கு வந்த பெண் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டுக்கொண்டார். கீழ்த்தளத்தில் வேலை செய்த அத்தனை பேரும் இரண்டாம் மாடிக்கு மாற்றல் கேட்டார்கள். இரண்டாம் மாடியில் யாரும் தாமதமாக வர முடியாது. அங்கே எது தாமதம் என்று சொல்ல ஆள் இல்லை. தாசியோ என்ற மீனவர் வந்து, ஜூனில் தன் கல்யாணத்தை இந்த மாடியில்தான் பதிவு செய்தார்கள், ஆகவே அது இன்னும் நடக்கவில்லைதானே என்று பணிவாக விசாரித்தார். அவர் மனைவி குடையுடன் பின்னால் நின்றிருந்தார்.

"சொல்லும்மா, இவருக்குக் காலம் கடந்துச்சா இல்லையா?" என்று என்னிடம் கேட்டார். "கடக்கலன்னா நான் கடக்க வைக்கறேன்."

தாசியோ கடந்துவிட்டதாக ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

நான் வக்கீலம்மாவிடம் போய் நின்றேன். "மேடம், என் ஒப்பந்தம்."

"உன் மேசை எந்த மாடி?"

"இரண்டாம் மாடி மேடம்."

"அப்ப ஜூன் கடைசி உனக்கு வந்துச்சான்னே உறுதியா சொல்ல முடியாதே. வந்தாத்தான ஒப்பந்தம் முடியும். முடிஞ்சாத்தான புதுசு போடணும்."

"அப்ப சம்பளம்?"

"மாசம் கடந்தாத்தான சம்பளம்" என்றார். அவர் அறை மூன்றாம் மாடியில்.

இப்படியாக நான் வேலையில் இருப்பவளும் இல்லை, நீக்கப்பட்டவளும் இல்லை. தினமும் போனேன். போகாவிட்டால் போகவில்லை என்று நீக்கிவிடுவார்களே.

இந்த நிலையில் பதினான்காவது கருத்து வந்தது. துணை நிர்வாகிகளில் ஒருவர் ஒவ்வொரு காட்சியாக நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தார். எல்லா விசாரணையிலும் ஒரே ஒருவர் மட்டும் உடன் இருக்கிறார். எல்லாவற்றையும் கேட்கிறார். சிரித்துக்கொண்டே இருக்கிறார். அவரை மட்டும் இன்ஸ்பெக்டர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தோன் ஃபெர்மினைக் கொன்றவர் கடிகாரத்தில் இருப்பவர்தான்.

மறுநாள் மேயர் சந்தையைப் பார்வையிடப் போனார். மீன் விற்கும் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தோன் ஃபெர்மின் பாவம் மேயர். நல்ல மனுஷன். அவரைப் போயி ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"நான் பண்ணல அக்கா."

"எனக்குத் தெரியும். நீங்க நல்லவரு." குரலைத் தாழ்த்தினார். "வயசானப்புறம்தான பண்ணீங்க. இப்ப இருக்கற நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்."

மேயர் அன்று சாப்பிடவில்லை. அடுத்த நாள் ஊரின் எல்லாச் சந்திப்புகளிலும் புதிய பேனர் தொங்கியது. 'தோன் ஃபெர்மினை நான் கொல்லவில்லை. இப்படிக்கு உங்கள் அன்பு மேயர் தோதோங்.' வேறு படம் கைவசம் இல்லாததால் அதே சிரிப்பு, அதே கட்டைவிரல்.

அதற்குப் பிறகு சந்தேகப்படாதவர்களும் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள்.

வேறு வழி இல்லாமல் நகர மன்றம் பொது விசாரணைக்கு அழைப்பு விடுத்தது. எதிர்காலத்தில் இயற்றப்படக்கூடிய சட்டங்களுக்கு உதவும் பொருட்டு என்று அழைப்பில் போட்டிருந்தது. சாட்சிகள் மூன்று பேர்: மேயர், டைரக்டர் வீவோ, நான்.

"நீ ஏன்னா," என்று வக்கீலம்மா விளக்கினார், "உன் மேசைக்கு நேர் எதிர்ல அந்தக் கடிகாரம். இந்த முகம் இங்க எப்ப வந்துதுன்னு கேப்பேன். ஜூன் முடிஞ்சப்புறம்னு சொல்லு. மேயர் பதவிக்கு வந்தப்புறம்தான் முகமே வந்துது, கொலை அதுக்கு முன்னாடி ஏப்ரல்லயே ஒளிபரப்பாயிடுச்சு, அவரு எப்படிப் பண்ணிருப்பாரு? முடிஞ்சுது. அன்னைக்கே உன் கோப்பு மேல வந்துடும்."

"சத்தியம் பண்ணச் சொல்வாங்களா மேடம்?"

"பைபிள் மேல."

காலையில் பூண்டுச் சோறும் கருவாடும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டார். "மகளே, இன்னைக்கு என்ன சொல்லப் போற?"

"நடந்தத சொல்லலாம்னு பாக்கறேன்ப்பா."

அப்பா கருவாட்டு முள்ளை எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்தார். "நடந்தத சொல்றதுக்கா உன்னக் காலேஜுல சேர்த்தேன்? அத நான் படிக்காமயே சொல்வேனே."

அம்மா குவித்த உதட்டாலேயே மாத்திரை டப்பாவைச் சுட்டிக்காட்டினார். டப்பா காலியாக இருந்தது.

மன்ற அறை நிரம்பி வழிந்தது. ஜீப்னி சிற்றுந்துகள் நிறைய ஆய்வுக் குழுவினர் வந்திருந்தார்கள். ஏழெட்டு ஊர்க்காரர்கள். முதலில் தேசிய கீதம், பிறகு மாகாண கீதம், பிறகு நோனோயே இயற்றிய நகராட்சி கீதம். பிறகு பிரார்த்தனை. பிறகு வந்திருக்கும் பெரியவர்களுக்கு ஒவ்வொருவராக வணக்கம் சொன்னார்கள். அது முடிவதற்குள் பன்சித் நூடுல்ஸ் பொட்டலங்கள் வந்துவிட்டதால் சிற்றுண்டிக்குக் கலைந்தோம். சாப்பிட்டுவிட்டு வந்த இரண்டு பேருக்கு மறுபடி வணக்கம் சொன்னார்கள்.

டைரக்டர் வீவோவை முதலில் அழைத்தார்கள்.

"தோன் ஃபெர்மினைக் கொன்னது யாரு?" என்றார் துணை மேயர்.

"எங்களுக்கே தெரியாது சார். குழுவுல என்ன முடிவு பண்றாங்களோ அத எழுதிக்கலாம்னு இருக்கோம்."

தெஸ்ஸி எழுந்தார். "நாங்க மன்றம் என்ன தீர்மானம் போடுதோ அத வச்சு முடிவு பண்ணலாம்னு இருக்கோம்."

"நாங்க நீங்க எழுதறத பாத்துதான் தீர்மானம் போட்டோம்" என்றார் துணை மேயர்.

மூவரும் ஒருவரை ஒருவர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டார்கள். அடுத்து மேயர் வந்தார். வெள்ளை பாரோங் சட்டை, கை பைபிளின் மேல்.

"தோன் ஃபெர்மின் கொல்லப்பட்ட ராத்திரி நான் வீட்டுல இருந்தேன். குடும்பத்தோட டிவி பாத்துட்டிருந்தேன்."

"டிவில என்ன பாத்தீங்க?" என்றார் தெஸ்ஸி.

மேயர் தயங்கினார். "தோன் ஃபெர்மின் கொல்லப்படறத."

"அப்ப சம்பவத்த நேர்ல பாத்திருக்கீங்க."

அறையில் சலசலப்பு. மேயர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வக்கீலம்மா அவசரமாக என்னை அழைத்தார். நான் எழுந்து போனேன். பைபிளில் கை வைத்தேன். எதிர்ச்சுவரில் தோதோங் இளமையாகச் சிரித்தார். அவருக்குக் கீழே நாற்காலியில் அசல் தோதோங் சிரிக்காமல் இருந்தார்.

"அந்த முகம் இரண்டாம் மாடிக்கு எப்ப வந்துது?" என்றார் வக்கீலம்மா.

ஜூன் முடிந்த பிறகு என்ற வாக்கியத்தைப் வழி நெடுகச் சொல்லிப் பார்த்திருந்தேன். வாய் திறந்ததும் வேறு வந்தது.

"மே மாசம் மேடம். ஓட்டு எண்ணின மறுநாள் காலைல. எர்னிங் அண்ணன் ஏணி போட்டு மாத்தினாரு. பழசுல இருந்தது அண்ணன் மேயரு, புதுசுல இருக்கறது தம்பி மேயரு. கடிகாரமெல்லாம் பிப்ரவரிலயே ஆர்டர் குடுத்தது. ஓட்டு போடறதுக்கு முன்னாடி. நகராட்சிப் பணத்துல. காலம் எல்லா மாடிலயும் ஒழுங்காத்தான் போச்சு. வேற ஒண்ணும் நடக்கல."

வக்கீலம்மா இருமவே மறந்துவிட்டார். மேயரின் முகம் வெளுத்தது. துணை மேயர் கையிலிருந்த சுத்தியலை மெல்ல மேசையில் வைத்தார். நான் கண்களை மூடிக்கொண்டேன். மாத்திரை டப்பா தெரிந்தது.

பிறகு யாரோ சிரித்தார்கள். இன்னொருவர் சிரித்தார். கண்ணைத் திறந்தபோது மொத்த அறையும் சிரித்துக்கொண்டிருந்தது. சிரிக்காதவர் தெஸ்ஸி மட்டும்தான். அவருக்குக் கோபம்.

"இது ஒன்பதாவது கருத்து" என்றார். "ரொம்ப முன்னாடியே நிராகரிச்சுட்டோம்."

"மேடம், இது கருத்து இல்ல. நடந்தது."

"ஏம்மா, நீ படிச்ச பொண்ணு. கொஞ்சம் யோசி. ஜனங்க ஓட்டே போடல, அதுக்குள்ள ஜெயிச்சவர் மூஞ்சியப் போட்டு ஊர்ப் பணத்துல கடிகாரம் செய்யச் சொல்வாங்களா? பதவியே ஏக்கல, அதுக்குள்ள சுவருல ஏத்துவாங்களா? இத இத்தன பேரு பாத்துட்டு ஒருத்தர்கூட வாய் தொறக்க மாட்டாங்களா? எந்த ஊருல நடக்கும் இது? ஒரு கதைன்னா நம்பற மாதிரி இருக்கணும்ல?"

ஏழெட்டு ஊர்க்காரர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒருவர் நேரம் ஆகிறதே என்று தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதில் அவர் ஊர் மேயர் இருந்தார்.

"அந்தப் பொண்ணுகிட்ட யாரோ பணம் குடுத்துச் சொல்லச் சொல்லிருக்காங்க" என்றார் பின்வரிசையில் ஒரு அம்மாள்.

"எவ்ளோ குடுத்தாலும் இப்படியா. கொஞ்சம் நல்லதா கட்டிச் சொல்லக் கூடாதா" என்றார் பக்கத்தில் இருந்தவர், பன்சித் மென்றபடி.

என் சாட்சியம் பதிவிலிருந்து நீக்கப்பட்டது. விசாரணை அத்துடன் முடிந்தது. அடுத்த வாரத் தொடரில் தோன் ஃபெர்மின் உயிருடன் நடந்து வந்தார். காலம் பின்னோக்கிப் போவதால் கொலை இன்னும் நடக்கவில்லையாம். குழுவுக்குத் திருப்தி. மேயரும் நிரபராதி ஆனார். அவர் நன்றி தெரிவித்து ஒரு பேனர் வைத்தார்.

மறுநாள் என்னை மேயர் அறைக்கு அழைத்தார்கள். என் பையில் மேசையிலிருந்த சாமான்களைக் கட்டி எடுத்துக்கொண்டேதான் போனேன். மேயர் என் கோப்பைத் திறந்து வைத்திருந்தார். வக்கீலம்மா அருகில் நின்றார்.

"உக்காரும்மா" என்றார் மேயர். இத்தனை நாளில் அவர் என்னை உட்காரச் சொன்னதில்லை. "எனக்கு ராத்திரி தூக்கமே வரல. இத்தன வருஷம் எங்க குடும்பம் பொய் சொல்ல எவ்ளோ கஷ்டப்பட்டிருக்கு தெரியுமா? எங்க அண்ணனுக்கு ரத்தக்கொதிப்பே அதனாலதான். நீ ரெண்டு நிமிஷத்துல எல்லாத்தயும் சொன்ன. ஒண்ணுமே ஆகல."

"யாரும் நம்பல சார்."

"அதத்தான் சொல்றேன்."

கையெழுத்துப் போட்டார். ஒப்பந்தம் அல்ல, நிரந்தரப் பணி. வக்கீலம்மா உத்தரவைப் படித்தார். இனி நகராட்சியின் உண்மைகள் அனைத்தும் என் வழியாக மட்டுமே வெளியிடப்படும். என் மேசையை மூன்றாம் மாடிக்கு மாற்றிவிட்டார்கள். சம்பளம் மாதக் கடைசியில் வந்தது. அம்மா மாத்திரை வாங்கினார். சந்து முனையில் மறுபடி எனக்கு பேனர். இந்த முறை அஞ்சலட்டை அளவில் இருக்கிறேன்.

வேலை கடினமில்லை. கேட்டதைச் சொல்கிறேன், கேட்காததையும் சொல்கிறேன். சென்ற வாரம் ஆற்றின் மேல் புதிய பாலத்தைத் திறந்தார்கள். நான் நகராட்சியின் பக்கத்தில் என் பெயரைப் போட்டு அறிவிப்பு வெளியிட்டேன்: 'பாலத்தின் மூன்றாவது தூணுக்குள் இரும்புக் கம்பி வைக்கப்படவில்லை. யாரும் ஏற வேண்டாம்.' மேயர் படித்துப் பார்த்து, எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்திக் கொடுத்தார்.

அறிவிப்பின் கீழே ஆயிரக்கணக்கில் பதில்கள். மூன்றாவது தூண் எதைக் குறிக்கிறது என்று கேட்டிருந்தார்கள். அது தோன் ஃபெர்மினின் மூன்றாவது மகள் என்றார் ஒருவர். இல்லை, கம்பி என்பதே ஒரு குறியீடு என்றார் தெஸ்ஸி. நேரில் பார்த்தால்தான் புரியும் என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஜீப்னிகளில் வந்தார்கள். பாலத்தின் நடுவில் குடும்பம் குடும்பமாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

நான் ஒலிபெருக்கியை வாங்கி, கம்பி இல்லை, தயவுசெய்து இறங்குங்கள் என்றேன். கைதட்டினார்கள். இன்னொரு முறை சொல்லச் சொல்லி, அதையும் படம் பிடித்துக்கொண்டார்கள்.

பழைய படகுத்துறையை மூடிவிட்டார்கள். எங்கள் வீடு அக்கரையில். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பாலத்தின் ஓரமாக, மெதுவாக நடந்து போனேன்.